கரை பெருகிடுச்சு, மகாராசா

மூணு வருசமா மழையைக் கண்ணாலயே பாக்காத ஒரு ஊரு இருந்துச்சு. ஈச்சம்பட்டின்னு பேரு. மேட்டுல ஊரு, ஊருக்குக் கீழ பெரிய கண்மாய், கண்மாய்க்கும் கீழ பள்ளத்துல ராசாவோட கோட்டை. இதை இப்பவே நல்லா மனசுல வாங்கிக்கோங்க. மேல ஊரு, நடுவுல கண்மாய், கீழ கோட்டை. பாதிக் கதையில வந்து கோட்டை எங்க இருந்துச்சுன்னு எவனாச்சும் கேட்டா எனக்குக் கெட்ட கோவம் வரும்.

அந்த ஊர்ல அரியநாச்சின்னு ஒருத்தி இருந்தா. அவ புருசன் வெயிலுமுத்து. கண்மாய் மடையைத் திறக்குறதும் அடைக்கிறதும் அவன் வேலை. மழையே இல்ல, மடையைத் திறந்தா என்ன, அடைச்சா என்ன? ஆனாலும் அவன் விடிஞ்சதும் கரையில நடந்து, எங்கயாச்சும் நண்டு வளை இருக்கா, எலி வளை இருக்கான்னு பாத்து, மண்ணை அள்ளிப் போட்டு மிதிச்சுட்டுத்தான் கஞ்சி குடிக்க வருவான். அப்பேர்ப்பட்ட மனுசன்.

அரியநாச்சிக்கு மூணு பிள்ளை தங்கல. முதப் பிள்ளை அஞ்சு மாசத்துல போச்சு. ரெண்டாவது பிள்ளை ஆறு மாசத்துல போச்சு. மூணாவது பத்து மாசமும் இருந்து, கையும் காலும் முடியுமா அழகா வந்து பொறந்துச்சு, ஆனா அழல. தலைகீழாத் தூக்கிப் பாத்தாங்க, முதுகுல தட்டிப் பாத்தாங்க, அழவே இல்ல. மூணையும் கண்மாய்க் கரை புங்க மரத்தடியிலதான் புதைச்சாங்க. வெயிலுமுத்து தினமும் கரையில நடக்கும்போது அந்த இடம் வந்தா மட்டும் காலைச் சுத்தி வச்சுப் போவான்.

நாலாவதா ஒண்ணு தங்குச்சு. அவ சந்தோசப்படல, பயந்தா. குறி சொல்ற நாகம்மா தெருவுல வந்தப்போ கையைப் பிடிச்சுக்கிட்டு, "இதாச்சும் எனக்கு நிக்குமா, சொல்லு தாயே"ன்னு கேட்டா. நாகம்மா அவ கையைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "ஏன்டி, கை என்ன மொட்டையாக் கெடக்கு? உனக்கு வளைகாப்புப் போடலையா?"ன்னா.

"மொத ரெண்டுக்கும் அதுக்கு மாசம் வரல. மூணாவதுக்கு, தங்காத வயித்துக்கு எதுக்கு வளையல்னு மாமியா வேணாம்னுட்டாக."

"அடிப் பாவிகளா! பிள்ளை உள்ள இருட்டுல கெடக்கு. வாசல் எந்தப் பக்கம்னு அதுக்கு எவ சொல்லுவா? ஆத்தா கை வளையல் குலுங்கணும். மாவாட்டுனாலும் குலுங்கணும், தண்ணி சேந்துனாலும் குலுங்கணும். அந்தச் சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் பிள்ளை வெளிய வரும். காப்புன்னு சும்மாவா பேரு வச்சாங்க? காக்குறதுதான் காப்பு. பெக்குற வரைக்கும் உன் கை ஊமையா இருக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

அன்னைக்கே வெயிலுமுத்து போயி வளையல்காரர் சடையப்பரைக் கூட்டிட்டு வந்தான். வளையல்காரர் கைன்னா அது அப்பன் கை. ஊர்ல எவ கையையும் கூச்சமில்லாமப் பிடிக்க அவருக்கு மட்டும்தான் பாத்தியதை. அவர் உக்காந்து, "விரலை மடக்கு மகளே, வலிச்சாச் சொல்லு"ன்னு சொல்லிக்கிட்டே ரெண்டு கையிலயும் முழங்கை வரைக்கும் பச்சைக் கண்ணாடி வளையல் அடுக்குனார். அவ கையை ஆட்டுனா, கலகலன்னுச்சு. உடனே வயித்துக்குள்ள பிள்ளை டம்முன்னு ஒரு உதை விட்டுச்சு. "மச்சான், உதைக்குது"ன்னு சொல்லி அவ அழுதா. அவனும் அழுதான். போதும், அவங்க சந்தோசம் அம்புட்டுத்தான், கதையில இனிமே சந்தோசத்தைத் தேடாதீங்க.

ஏன்னா கீழ கோட்டையில ஒரு ராசா இருந்தானே, அவன் சண்டாளன். கூடப் பொறந்த அண்ணனைச் சோத்துல விசம் வச்சுக் கொன்னுட்டு அந்த நாற்காலியில ஏறுனவன். அண்ணன் பொணம் கோட்டை வாசலைத் தாண்டுனப்போ, அண்ணன் பொண்டாட்டி ரெண்டு கையையும் வாசக் கல்லுல ஓங்கி அடிச்சு வளையலை உடைச்சா. உடைச்சுட்டு அவனைப் பாத்து, "இன்னைக்கு என் வளையல் உடைஞ்ச மாதிரி ஒருநாள் உன் கோட்டை உடையும். அன்னைக்கு உனக்குச் சேதி சொல்ல ஒரு நாக்குக் கிடைக்காது"ன்னு சொல்லிட்டு, திரும்பிப் பாக்காமப் போயிட்டா.

அதுல இருந்து அவன் காதுல ரெண்டு விசயம் ஆகாது. வளையல் சத்தம் கேட்டா நடுங்குவான். உடைஞ்சுதுங்கற சொல்லைக் கேட்டா வெறி பிடிச்சுரும். பணிவிடைக்கு வர்ற பொம்பளைங்க எல்லாம் மொட்டைக் கையா வந்தாங்க. அது பத்தல. கோட்டைச் சுவரைத் தாண்டி எங்கயோ ஒருத்தி தண்ணி சேந்துற சத்தம்கூட அவனுக்குக் கேக்குதாம். "நாட்டுல ஒரு பொம்பள கையிலயும் வளையல் இருக்கக் கூடாது"ன்னு உத்தரவு போட்டான்.

அவனுக்கு ஒரு மந்திரி, நல்லவாக்கு மந்திரின்னு பேரு. சரியான மண்டு, ஆனா தன் சோத்துக்கு வழி தெரிஞ்ச மண்டு. அவன் சொன்னான், "மகாராசா, அந்த ஆகாத சொல்லையும் ஒழிச்சுருவோம். இனிமே எது அப்படி ஆனாலும், பெருகிடுச்சுன்னுதான் சொல்லணும். மீறிச் சொன்னா நாக்கை அறுத்துருவோம்." ராசாவுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு.

அப்புறம் கோட்டைக்குள்ள என்ன கூத்துங்கறீங்க! பானை கீழ விழுந்தா, பானை பெருகிடுச்சு. சமையக்காரன் வழுக்கி விழுந்து மண்டையில ரத்தம் கொட்டுனா, அண்ணே மண்டை பெருகிடுச்சு. சிரிங்க, சிரிங்க. நாக்கை அறுப்பான்னா நீங்களும் அப்படித்தான் பேசுவீங்க. வருசம் போகப் போக, ராசா காதுக்கு எந்தக் கெட்டதும் கெட்டதாவே போயிச் சேரல. எல்லாம் பெருகுது, எல்லாம் பெருகுதுன்னு கேட்டுக் கேட்டு, தான் போட்ட உத்தரவையே மறந்து, நெசமாவே தன் காலத்துல எல்லாம் பெருகுதுன்னு அவன் நம்பிட்டான்.

இப்ப அரியநாச்சிக்கிட்ட வருவோம். அதுவரைக்கும் கோட்டைப் பக்கத்தோட நின்ன அந்த வளையல் உத்தரவு மேல ஊருக்கும் வந்துச்சு, ஏழாம் மாசம் சேவகருங்க ஊருக்குள்ள வந்தாங்க. வீடு வீடாப் பூந்து, பொம்பளைங்க கையை அம்மிக் கல்லுல வச்சு, கம்பால தட்டுனாங்க. அரியநாச்சி வாசல்ல விழுந்து, "ஐயா, என் கழுத்துல கெடக்குறதை வேணா எடுத்துக்கோங்க, வளையலை விட்டுருங்க, உள்ள பிள்ளை இருக்கு"ன்னு கும்பிட்டா. கையை இழுத்துத் தட்டுனாங்க. பச்சைக் கண்ணாடி எல்லாம் தூளாச்சு. போயி ராசாக்கிட்ட, "ஈச்சம்பட்டியில வளையல் பெருகிடுச்சு மகாராசா"ன்னாங்க. அவன், "என்னது, பெருகிடுச்சா? இன்னும் நல்லாத் தேடுங்கடா!"ன்னு திரும்ப அனுப்புனான். பாத்தீங்களா கொடுமையை? இவங்க உடைக்க உடைக்க, அவன் காதுல அது பெருகிக்கிட்டே போச்சு.

பிள்ளை அன்னைக்கு உதைக்கல. வெயிலுமுத்து கண்மாய்க் களிமண்ணை எடுத்து, அவ கைக்குத் தக்க வளையம் பிடிச்சு, அடுப்புல சுட்டுக் குடுத்தான். அவ ஆட்டுனா, டொக்கு டொக்குன்னுச்சு. பிள்ளை மெதுவா ஒரு உதை விட்டுச்சு. எட்டாம் மாசம் சேவகருங்க வந்தாங்க. மண் வளையலும் போச்சு.

வெயிலுமுத்து பனை ஓலையைக் கிழிச்சு, குழலா முடைஞ்சு, உள்ள குன்னிமுத்தைப் போட்டுக் கட்டிக் குடுத்தான். அவ ஆட்டுனா, கிலுகிலுன்னுச்சு. பிள்ளை உதைக்கல, லேசாப் புரண்டுச்சு. ஒம்பதாம் மாசம் சேவகருங்க வந்தாங்க. ஓலை வளையலை அவ அடுப்புலயே போட்டுக் கொளுத்துனாங்க. சடையப்பர் வீட்டையும் சோதிச்சாங்க, ஒண்ணும் கிடைக்கல, முதுகுல சவுக்கால விளாசிட்டுப் போனாங்க.

அப்புறம் அவளுக்கு ஒண்ணுமில்ல. வெறுங்கையை வெறுங்கையோட தட்டிப் பாத்தா. செம்பைக் கரண்டியால தட்டிப் பாத்தா. "கண்ணு, இந்தப் பக்கம், ஆத்தா இங்க இருக்கேன்"னு வயித்தைக் குனிஞ்சு குனிஞ்சு பாத்துக் கூப்பிட்டா. பிள்ளை அசையல. அவ ஒருத்தர்கிட்டயும் சொல்லல, புருசன்கிட்டகூடச் சொல்லல. கேட்டா, "உதைக்குது மச்சான்"ன்னு பொய் சொல்லிட்டு, முகத்தைத் திருப்பிக்குவா.

பத்தாம் மாசம் மழை வந்துச்சு. மூணு வருச மழையும் சேந்து மூணு நாள்ல வந்துச்சு. மொத நாள் கண்மாய்த் தரை நனைஞ்சுச்சு. ரெண்டாம் நாள் பாதிக் கண்மாய். மூணாம் நாள் காலையில தண்ணி கரையைத் தொட்டு நின்னுச்சு. காஞ்சு கெடந்த கரை பாருங்க, மனுசன் கால் வெடிக்கிற மாதிரி வெடிச்சுக் கெடந்துச்சு, அதுல தண்ணி கசிய ஆரம்பிச்சுச்சு. ஊர் ஆம்பிளைங்களை ராசா கோட்டைச் சுவருக்குக் கல் சுமக்கப் பிடிச்சுட்டுப் போயிட்டான். கரையில வெயிலுமுத்தும் ரெண்டு வயசாளிங்களும்தான். முள்ளை வெட்டிப் போட்டு, மண்ணைப் போட்டு, அதுக்கு மேல அவனே குறுக்கப் படுத்துப் பாத்தான், நிக்கல.

"புள்ள, கோட்டையில நூறு ஆளு இருக்கான். அம்புட்டுப் பேரும் வந்தா மதியத்துக்குள்ள அடைச்சுரலாம். நான் இங்க இருந்து நகந்தேன்னா போச்சு"ன்னான்.

"நான் போறேன் மச்சான்."

"இந்த வயித்தோடயா?"

"நீ கரையைப் பிடி. நான் ஆளோட வர்றேன்"னு சொல்லிட்டு அவ நடந்தா. நிறைமாச வயித்தைத் தாங்கிக்கிட்டு, சேத்துல ரெண்டு தடவை விழுந்து எந்திரிச்சு, கோட்டைக்குப் போயி ராசா முன்னால நின்னா. மந்திரி பக்கத்துல நின்னான்.

"மகாராசா! கண்மாய்க் கரை உடை..."ன்னு அவ வாயெடுக்கலை, சேவகன் வாயிலயே ஒரு அறை விட்டான்.

மந்திரி பதறிப் போயி, "ஏ பொம்பள! நாக்கு வேணுமா வேணாமா? நல்ல வார்த்தையாச் சொல்லு"ன்னான்.

அவ ரத்தத்தைத் துடைச்சுட்டு, "சாமி, கரை போகப் போகுது, ஆளு அனுப்புங்க"ன்னா. திரும்ப ஒரு அறை. "போகுதுங்கறதும் ஆகாத சொல்லுதான். இன்னும் ஒருக்காத் தப்பாச் சொன்னா நாக்கை வச்சுட்டுத்தான் போகணும்"னு சேவகன் கத்தியை எடுத்தான்.

அவளுக்கு வேற சொல்லு தெரியல. நாக்குப் போனா ஆளுன்னும் கேக்க முடியாதேன்னு, மூணாவது தடவையா, "கரை பெருகிடுச்சு, மகாராசா"ன்னா.

ராசா நாற்காலியை விட்டே எந்திரிச்சுட்டான். "கண்மாய் பெருகிடுச்சா! மூணு வருசம் கழிச்சா!"

"ஆமா மகாராசா, கரையே பெருகிடுச்சு, நூறு ஆளு வேணும், என் புருசன் ஒத்தையில நிக்கிறாரு."

"பெருகுன கண்மாய்க்கு ஆளு எதுக்கு?"ன்னு சொல்லி அவன் விழுந்து விழுந்து சிரிச்சான். "அண்ணி என்னமோ சொன்னாளே, கோட்டை அப்படி ஆகும் இப்படி ஆகும்னு! வந்து பாக்கச் சொல்லுங்கடா, என் நாட்டுல எல்லாம் பெருகுது! இனி எனக்கு ஒரு பயமும் இல்ல. பொம்பளைங்க எல்லாரும் வளையல் போட்டுக்கட்டும், தமுக்கடிங்க!"

அவ அவன் காலைப் பிடிச்சுக்கிட்டா. "வளையல் வேணாம் சாமி, ஆளு குடுங்க. வளையல் வேணாம், ஆளு குடுங்க. வளையல் வேணாம்யா, ஆளு குடுங்க." எந்த வளையலுக்காக மூணு மாசம் அழுதாளோ, அதை வேணாம் வேணாம்னு அன்னைக்கு அவ வாயாலயே சொன்னா. அவளை இழுத்து வெளிய விட்டாங்க. சேவகருங்களுக்கு விசயம் புரியாமலா இருந்துச்சு? பெருகிடுச்சுன்னா என்னன்னு அவங்களுக்குத் தெரியாதா? தெரியும். ஆனா ராசா சிரிக்கும்போது எவன் வாயைத் திறப்பான்? ஒவ்வொருத்தனா மெதுவாக் கோட்டையை விட்டு நழுவுனான். கல் சுமந்த ஆம்பிளைங்களும் அவங்க பின்னாலயே ஓடுனாங்க. ராசாவும் மந்திரியும் மட்டும் மேல்மாடத்துல ஏறி, கண்மாய் பெருகுன அழகைப் பாக்க நின்னாங்க.

அரியநாச்சி பக்கத்து மேட்டு வழியா ஏறி ஓடுனா. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு ஓடுனா. புங்க மரத்துக்கிட்ட வர்றா, கீழ இருந்து தமுக்குச் சத்தம் கேக்குது, "வளையல் போட்டுக்கலாம், வளையல் போட்டுக்கலாம்." அவ கண்ணு முன்னால நடுக்கரை அப்படியே சரிஞ்சுச்சு. வெயிலுமுத்து ஒரு முள்ளுக் கட்டைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அதுமேல நின்னான். அவளைப் பாத்தான். ஆளு வருதான்னு அவ பின்னால பாத்தான். அப்புறம் கரையும் இல்ல, அவனும் இல்ல.

தண்ணி கோட்டைச் சுவரை உடைச்சுச்சு, வாசலை உடைச்சுச்சு, மாடத்தை உடைச்சுச்சு. ராசாவையும் மந்திரியையும் மண்ணோட மண்ணாக் கொண்டு போயிருச்சு. அண்ணன் பொண்டாட்டி சொன்ன வாக்கு அப்படியே நடந்துச்சு, சேதி சொல்ல நாக்கு வந்தும் அவனே அதைக் கட்டிப் போட்டுட்டான். போகட்டும், அவனுக்காக ஒருத்தரும் அழல.

அதுக்கு மூணாம் நாள் வெயிலுமுத்து உடம்பு புங்க மரத்து வேருல கிடைச்சுச்சு. பிள்ளைங்க பக்கத்துலயே அவனையும் வச்சாங்க. பொம்பளைங்க வந்து அரியநாச்சியை உக்கார வச்சு, முறை செய்யணும்னு, வளையலை எடுக்கக் கையைப் பிடிச்சாங்க. பிடிச்ச கையை அப்படியே வச்சுக்கிட்டு முழிச்சாங்க. ரெண்டும் மொட்டைக் கை. அவ, "மூணு தடவை உடைச்சாச்சுக்கா, இனி எங்கிட்ட என்ன இருக்கு உடைக்க?"ன்னா. சொன்னவ அழல, சுத்தி இருந்தவங்கதான் கதறுனாங்க.

அப்ப தெருக் கோடியில, "வளையலோ வளையல்"னு ஒரு குரல். சடையப்பர்தான். முதுகுக் காயம் ஆறல, வளையலைச் சாம்பக் குழியில புதைச்சு வச்சிருந்தவர், தோண்டி எடுத்துட்டு வந்துட்டார். அவ வீட்டுக் கூட்டத்தைப் பாத்ததும் திரும்பிப் போகப் பாத்தார்.

"அப்பா, போகாதீங்க"ன்னு அரியநாச்சி கையை நீட்டுனா. "எனக்குப் போடுங்க."

"அடியே, உனக்குப் புத்தி பேதலிச்சுருச்சா? புருசனை மண்ணுல வச்ச அன்னைக்கு வளையலா? ஊரு என்ன பேசும்?"ன்னு மாமியா தலையில அடிச்சுக்கிட்டா.

"புருசனுக்குப் போடல அத்தை. உங்க மகனுக்காக உடைக்க எங்கிட்ட ஒண்ணும் மிச்சமில்ல, இருந்தா அதையும் உடைச்சுக்கோங்க. இது உள்ள கெடக்குற பிள்ளைக்கு. ஒரு மாசமா அசையல. ஒருத்தர்கிட்டயும் சொல்லல, அவர்கிட்டயும் பொய்யே சொன்னேன்."

மாமியாவே எந்திரிச்சு வந்து மருமக முழங்கையைத் தாங்கிப் பிடிச்சா. சடையப்பர், "விரலை மடக்கு மகளே"ன்னார். வலது கையில போட்டார், பிள்ளை அசையல. இடது கையில போட்டார், அசையல. அவ ரெண்டு கையையும் சேத்துக் குலுக்குனா, அப்பவும் அசையல. ஆனா வலி எடுத்துச்சு.

அன்னைக்குப் பொழுது சாயுற நேரம் பிள்ளை பொறந்துச்சு. பொம்பளைப் பிள்ளை. நீலம் பூத்துக் கெடந்துச்சு, அழல. தலைகீழாத் தூக்குனாங்க, அழல. முதுகுல தட்டுனாங்க, அழல. மருத்துவச்சி துணியை எடுத்து மூடப் போனா. அரியநாச்சி பாத்தா, ஐயோ நாலாவதுமான்னு, ரெண்டு கையையும் தரையில ஓங்கி அடிச்சா. படீர்னு ஒரு வளையல் தெறிச்சுச்சு.

பிள்ளை வீல்னு கத்துச்சு.

மருத்துவச்சி அந்தக் கண்ணாடித் துண்டைப் பாத்து, "வளையல் உடை..."ன்னு ஆரம்பிச்சவ, பிள்ளையைப் பாத்துட்டு, "பெருகிடுச்சுடி"ன்னா. நாக்கை அறுப்பான்னு சொன்ன பொய்யி, அன்னைக்கு ஒருநாள் அந்த வீட்டுல நெசமாச்சு.

அப்புறம் அவ நல்லா இருந்தாளான்னு கேக்காதீங்க. பிள்ளையை வளத்தா. அம்புட்டுத்தான். மழை வந்தா மட்டும் அவளைப் பாக்க முடியாது, கரையில போயி நின்னுக்குவா, ஆளு வருதான்னு பின்னால திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டு.

அதனாலதான் சொல்றேன், உங்க கையில ஒரு வளையல் போச்சுன்னா, உடைஞ்சுதுன்னு சொல்லாதீங்க, பெருகிடுச்சுன்னு சொல்லுங்க. ஆனா அந்தச் சொல்லு வளையலுக்கு மட்டும்தான், தெரியுதா? கரை உடைஞ்சா, உடைஞ்சுது உடைஞ்சுதுன்னு ஊரே கேக்கக் கத்தணும். எந்த ராசா வந்து வாயை மூடச் சொன்னாலும் கத்தணும். கதை தண்ணியோட போச்சு, வளையல் சத்தம் நம்மகிட்ட தங்கிருச்சு.